வேர்க்குருவுக்குக் கேலமைன் லோஷன்

சித்திரை வெயிலில் சேலத்துத் தறிக்கூடங்களில் நின்று வேலை செய்பவர்களுக்கு வேர்க்குரு புதிதன்று. வியர்வை நாளங்கள் அடைபட்டு, வியர்வை தோலுக்கடியிலேயே தேங்குவதால்தான் கழுத்திலும் முதுகிலும் முள் குத்துவதுபோன்ற அரிப்பு உண்டாகிறது. இந்த ஆண்டு என் கணவருக்கு அது தோள்வரை பரவியபோது, சின்னக்கடை வீதிப் பக்கம் உள்ள ஒரு மருந்துக்கடையில் கேலமைன் லோஷன் வாங்கினேன். துத்தநாக ஆக்சைடும், இளஞ்சிவப்பு நிறம் தரும் சிறிதளவு இரும்பு ஆக்சைடும் கலந்த இம்மருந்து அடியில் படிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் பாட்டிலை நன்றாகக் குலுக்கிய பிறகே பஞ்சில் நனைத்துத் தடவ வேண்டும். குளித்துத் துவட்டிய உடலில் தடவிய சில நிமிடங்களில், அதிலுள்ள நீர் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியில் அரிப்பு தணிந்து, பல நாள்களுக்குப் பின் அன்றிரவுதான் அவர் நிம்மதியாக உறங்கினார். அதற்குமுன் பூசிவந்த வாசனைப் பவுடரோ வியர்வையில் குழைந்து எரிச்சலைக் கூட்டியது.

குறையும் உண்டு. உலர்ந்ததும் வெளிறிய திட்டாகச் சட்டையில் ஒட்டுகிறது. தொடர்ந்து தடவினால் தோல் வறண்டுபோகிறது. சீழ் கட்டிய இரண்டு கொப்புளங்களின்மேல் இதைத் தடவாமல் மருத்துவரிடம் காட்டினோம். ஏற்காட்டில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கியபோது, வியர்வையே இல்லாததால் பாட்டிலைத் திறக்கவும் தேவைப்படவில்லை. ஆயினும் மலையிறங்கிய மறுநாளே அதை மீண்டும் குலுக்க வேண்டியதாயிற்று.