பெர்ட்ராம் 31: பழைய ஹல் (படகின் வெளியுடல்), புதிய உள்ளுடம்பு, ஆறு வருட அனுபவம்

2017 கடைசியில் பெர்ட்ராம் 31 என்ற பழைய அமெரிக்க வேகப்படகு ஒன்றை வாங்கினேன். 1972-ல் கட்டிய படகு. ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் ஒரு வீட்டுக்குப் பின்னால், கால்வாயோரம் நான்கு வருடம் ஓடாமல் கட்டிக் கிடந்தது. பதினாறு மாதம் பிரித்துக் கட்டி, 2019-ல் மறுபடி தண்ணீரில் இறக்கினோம். அதற்கப்புறம் ஆறு சீசன் ஓடிவிட்டது. எஞ்சின் மணிக்கணக்கு 870-ஐத் தாண்டியிருக்கிறது. பஹாமாஸுக்கு மட்டும் பதினொரு முறை போய் வந்திருக்கிறோம். பழைய படகைப் புதுப்பிக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் அடிக்கடி கேட்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஏன் இந்தப் படகு? எல்லாம் அதன் அடிப்பாகத்துக்காகத்தான். 1950-களின் வேகப்படகுகள் முன்னால் கூராக இருந்தாலும் பின்னால் போகப்போகத் தட்டையாகிவிடும். அமைதியான தண்ணீரில் அது நன்றாக ஓடும். அலையில் ஏறி இறங்கும்போது அந்தத் தட்டை அடி தண்ணீரில் பலகையால் அறைந்த மாதிரி விழும். ரே ஹண்ட் என்ற வடிவமைப்பாளர் அந்த ஆழமான V வடிவத்தை முன்னாலிருந்து பின்பலகை வரைக்கும் குறையாமல் கொண்டுபோனார். எங்கள் படகில் பின்பலகையிலும் சுமார் 23 பாகைச் சரிவு இருக்கிறது. அடியில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய வரம்புகள் தண்ணீரை வெளியே தள்ளி, வேகத்தில் படகைத் தூக்கிப் பிடிக்கின்றன.

1958-ல் நியூபோர்ட்டில் அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் போட்டிக்கு வந்திருந்த படகு வியாபாரி டிக் பெர்ட்ராம், ஹண்டின் 23 அடிப் படகு ஒன்று கொந்தளிப்பில் சர்வசாதாரணமாக ஓடுவதைப் பார்த்து, தனக்கும் ஒன்று வரையச் சொன்னார். அப்படிப் பிறந்த மரப்படகுதான் 'மாப்பி'. பெர்ட்ராம் தன் மனைவியின் செல்லப் பெயரையே அதற்கு வைத்தார். 1960-ல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவ் நகருக்கு நடந்த பந்தயத்தில், மோசமான கடலில், சாம் கிரிஃபித் ஓட்ட, அது எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்து வென்றது. இரண்டாவதாக வந்ததும் ஹண்டின் வடிவம்தான். அந்த மாப்பியை வைத்தே அச்சு எடுத்து ஃபைபரில் வார்த்ததுதான் பெர்ட்ராம் 31.

நம் கடற்கரைகளில் ஃபைபர் போட் என்றால் பலருக்கும் மெல்லிய ஓடுதான் நினைவுக்கு வரும். இது வேறு ரகம். பழைய கழிவுநீர்த் துளை ஒன்றை இடம் மாற்றுவதற்காக அடியில் புதிதாக ஒரு துளை போட்டோம். வட்ட ரம்பம் வெட்டியெடுத்த வில்லையைப் பட்டறை மேஸ்திரி துடைத்து என் கையில் கொடுத்தார். தேன் நிறம், கிட்டத்தட்ட ஓர் அங்குல கனம், நடுவில் மரமோ நுரையோ எதுவும் கிடையாது. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தால் கண்ணாடி நார்ப் பாய்கள் அடுக்கடுக்காக, எண்ணும்படி தெரிந்தன. நாற்பத்தைந்து வருடம் கடல்நீரில் கிடந்த பிறகும் எங்கேயும் பிளவில்லை. அந்த வில்லை இன்றும் என் மேஜை மேல்தான் இருக்கிறது.

உள்ளே நிலைமை தலைகீழ். தளத்துக்கு அடியில் இருந்த பிளைவுட், டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி விரலுக்கு உதிர்ந்தது. எஞ்சின் அறைத் தடுப்புகளும் அப்படித்தான். பெட்ரோல் டேங்க் அந்தக் கால வழக்கப்படி ஃபைபரில் செய்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக வந்த பிறகு அந்தத் தலைமுறை ஃபைபர் டேங்க்குகளின் ரெசின் (நார்களைப் பிணைக்கும் பிசின்) கரைந்து எஞ்சின் வால்வுகளில் பசையாக ஒட்டியது பல படகுகளில் நடந்த கதை. வடிவமைத்தவர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கிடையாது. டேங்கை வெட்டி எடுத்துவிட்டு, அலுமினியத்தில் டீசல் டேங்க் வைத்தோம்.

தளம், தடுப்புகள், எஞ்சின் பெட்டிகள் எல்லாவற்றையும் பிவிசி நுரை நடுவில் வைத்து, வெற்றிட முறையில் வார்த்தோம். நார்த்துணியையும் நுரையையும் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு ஓரங்களை ஒட்டி, காற்றை உறிஞ்சிவிடுவார்கள். அப்புறம் குழாயைத் திறந்ததும் ரெசின் ஒரு மூலையிலிருந்து மெல்லப் பரவும். வெள்ளை வேட்டியில் எண்ணெய் ஊறுவது போல அந்த ஈரக்கோடு நகர்ந்து மறுமுனைக்கு வர அரை மணிக்கு மேல் ஆனது. யாரும் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றோம். கையால் பூசுவதைவிட ரெசின் மிகக் குறைவாகவே பிடிக்கிறது, காற்றுக்குமிழும் தங்குவதில்லை. பழைய ஃபைபரோடு புதியதைச் சேர்க்கும் இடங்களில் எபாக்ஸி ரெசின்தான் பயன்படுத்தினோம். இறுகிப்போன பழைய பாலியெஸ்டர் ரெசின் மேல் புதிய பாலியெஸ்டர் ரெசின் அவ்வளவு நன்றாகப் பிடிக்காது. ஆறு வருடத்தில் ஒரு இணைப்பும் விடவில்லை.

எஞ்சின்கள் இரண்டு யான்மார் டீசல், தலா 315 குதிரைசக்தி. பழைய பெரிய பெட்ரோல் எஞ்சின்களைவிட எடை குறைவு.

பெரிய தவறு நடந்ததும் இந்த எடை விஷயத்தில்தான். இதை விவரமாகச் சொல்ல வேண்டும். எடை குறையக் குறைய நல்லது என்றே நானும் பட்டறைக்காரர்களும் நினைத்தோம். பிரிப்பதற்கு முன் தூக்கிய கிரேனின் காட்டியில் 5,600 கிலோ, புதுப்பித்த பிறகு 4,900 கிலோ. இரண்டு முறையும் டேங்க் பாதி. எழுநூறு கிலோ மிச்சம் என்று கைகுலுக்கிக்கொண்டோம். முதல் வாரமே வேகம் சந்தோஷம் தந்தது. ஆனால் மீன்பிடிக்க எஞ்சினை அணைத்து நின்றபோது படகு படபடவென்று ஆடியது. ஆழமான V அடிக்கு நிற்கும்போது கொஞ்சம் ஆட்டம் இருக்கவே செய்யும். பக்கவாட்டும் அடியும் சேரும் அந்த விளிம்பு தண்ணீரில் அமிழ்ந்திருந்தால்தான் சாய்வைத் தாங்கிப் பிடிக்கும். எடை குறைந்ததும் ஹல் மேலே எழும்பி, விளிம்பு தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிட்டது. மனைவிக்குக் குமட்டல் வந்து, "என்னங்க, ஓடும்போது ஒண்ணும் ஆகலை, நின்னாத்தான் தலை சுத்துது" என்றாள். எதிர் அலையிலும் முன்முனை லேசாகி, படகு அலையை அறுக்காமல் அலை மேல் தாவியது. அறுத்துக்கொண்டு போவதற்காகவே வரைந்த ஹல் அது. ஹண்ட் வரைந்தபோது குறிப்பிட்ட எடை, குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நாங்கள் வடிவத்தை விரலளவும் மாற்றவில்லை. ஆனாலும் அது தண்ணீரில் உட்காரும் விதத்தை மாற்றிவிட்டோம்.

முதலில் ஈயக்கட்டிகளை அடியில் வைத்துப் பார்த்தோம். ஆட்டம் குறைந்தது, ஆனால் சும்மா கிடக்கிற எடையைச் சுமக்க மனம் வரவில்லை. 2021-ல் ஒரு கைரோ பொருத்தினோம். உள்ளே ஒரு கனமான சக்கரம் வெற்றிடத்தில் அசுர வேகத்தில் சுழன்று, சாய்வை எதிர்த்துப் பிடிக்கும். கருவியின் எடை 190 கிலோ சொச்சம், அதை நடுக்கோட்டில் தாழ்வாக உட்கார வைத்தோம். பேட்டரிகளை முன்னறைக்கு மாற்றினோம். குடிநீர் டேங்கையும் பெரிதாக்கி முன்னால் தள்ளினோம். எடையும் பழைய இடத்துக்குத் திரும்பியது, நிற்கும்போது ஆட்டமும் போயிற்று. கைரோ முழு வேகம் பிடிக்க அரை மணிக்கு மேல் ஆகும், அதனால் துறையிலிருந்து கிளம்பும்போதே முடுக்கிவிடுகிறோம். இத்தனை செலவிலும் மனதார நியாயம் என்று சொல்லக்கூடியது இதுதான்.

கடலில் எப்படி? ஃப்ளோரிடாவுக்கும் பஹாமாஸின் பிமினித் தீவுக்கும் நடுவே வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. வடகாற்று அதை எதிர்த்து அடித்தால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக எழும். 2023 மார்ச்சில் திரும்பி வரும்போது எதிர்பார்த்ததற்கு முன்பே காற்று வடக்குக்குத் திரும்பிவிட்டது. ஐந்தாறு அடி அலை. வேகத்தை 17 நாட் (மணிக்குச் சுமார் 31 கி.மீ.) அளவுக்குக் குறைத்து, பின்பலகையில் இருக்கும் சாய்வுத் தட்டுகளால் முன்முனையைக் கொஞ்சம் தாழ்த்தினேன். படகு ஒவ்வொரு அலையிலும் முன்பக்கத்தை உள்ளே விட்டு, தண்ணீரை இரண்டு பக்கமும் விரித்து, நிதானமாக ஏறி இறங்கியது. தடதடப்பு இல்லை, ஒரு கனமான 'உஷ்' மட்டும்தான். அதே நாள் எங்களோடு கிளம்பிய, எங்களுடையதைவிட நீளமான ஒரு புதுப்படகு பாதியில் பிமினிக்கே திரும்பியது. ஆனால் நனைவீர்கள். வீசியடிக்கும் சாரல் காற்றில் திரும்பி மேல் ஓட்டிடம் வரை வரும். மழைக்கோட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எரிபொருள் கணக்கு: 24 நாட் வேகத்தில் இரண்டு எஞ்சினும் சேர்ந்து மணிக்கு 21 கேலன். பழைய உரிமையாளரின் நோட்டில் 20 நாட் வேகத்துக்கு 30 கேலன் பெட்ரோல் என்று எழுதியிருக்கிறது. பெட்ரோல் ஆவி பற்றிய பயம் எஞ்சின் அறையில் இல்லை என்பது அதைவிடப் பெரிய நிம்மதி.

தொந்தரவுகளும் உண்டு. முதல் வருடம் விசிறியைச் சுழற்றும் இடது பக்கத் தண்டில் நடுக்கம் இருந்தது. எஞ்சினைப் பொருத்தியவர்கள் தண்டு எஞ்சினோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்பதைப் படகு தரையில் இருக்கும்போதே சரிபார்த்து முடித்திருந்தார்கள். ஹல் தண்ணீரில் லேசாக வளையும், அதனால் மிதக்கவிட்டு ஓரிரு நாள் கழித்துத்தான் கடைசியாகச் சரிபார்க்க வேண்டும். வேறு ஆளை வைத்துச் சரிசெய்வதற்குள் ஒரு பேரிங் போயிருந்தது. அறை சிறியது, இரண்டு பேருக்கு மேல் தூங்குவது சிரமம். பெர்ட்ராம் நிறுவனம் 2016-ல் மைக்கேல் பீட்டர்ஸ் வடிவமைப்பில் புதிய 35 அடிப் படகை இறக்கியது. பழைய 31-இன் முகச்சாயல் அதில் அழகாக வந்திருக்கிறது. இடவசதி வேண்டும், பட்டறையில் பதினாறு மாதம் நிற்க முடியாது என்றால் அந்த மாதிரிப் புதுப்படகைப் பார்ப்பதே நல்லது. மொத்தச் செலவு நான் முதலில் போட்ட கணக்கைப் போல ஒன்றரை மடங்கு ஆனது.

பழைய 31 வாங்கப் போகிறவர்கள் ஹல்லைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், ஈரமானி வைத்துப் பாருங்கள். ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன் கிரேனில் தூக்கி எடை போடுங்கள். தண்ணீரில் இருக்கும்போது முன்னும் பின்னும் நீர்க்கோடு எங்கே நிற்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். நாங்கள் அந்தக் கோடு போடாததால் பழைய புகைப்படங்களில் பாசிக்கறையைத் தேடி அளக்க வேண்டி வந்தது. போன ஜனவரியில் அடியில் வண்ணம் பூசத் தூக்கியபோது காட்டியில் 5,340 கிலோ இருந்தது, டேங்க் பாதி. முன்முனையில் நீர்க்கோடு பழைய கறையிலிருந்து இன்னும் ஒரு விரல் கீழே நிற்கிறது. இந்த வருடம் நங்கூரத்தின் கயிற்றை எடுத்துவிட்டுச் சங்கிலியாக மாற்றப் போகிறேன், அதில் அதுவும் சரியாகிவிடும்.