குறுகிய ஆயுள் கொண்ட விருந்தாளி: வீட்டுத் தொட்டிக்கு எந்த ஆக்டோபஸ்?

வீட்டில் ஆக்டோபஸ் வளர்க்க நினைப்பவர் முதலில் கேட்பது, அது தொட்டியை விட்டு வெளியேறிவிடுமா என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை எளிது: இடுக்கில்லாமல் பொருந்தும் மூடியும், அது தூக்கப்படாதபடி பூட்டும் இருந்தால் வெளியேறாது. நியூசிலாந்தின் நேப்பியர் நகரிலுள்ள தேசிய மீன்காட்சியகத்தில் இருந்த இங்க்கி என்ற ஆக்டோபஸ், மூடியில் விடப்பட்ட சிறு இடைவெளி வழியே இறங்கி, தரையைக் கடந்து, வடிகால் குழாய்க்குள் நுழைந்து மறைந்துபோன செய்தி 2016-இல் உலகெங்கும் பரவியது. அதன்பிறகு மூடியைப் பற்றி எல்லோருமே கவனமாக இருக்கிறார்கள். ஆனால் நன்றாகப் பராமரிக்கும் வீட்டிலும் அந்த உயிர் ஓரிரு ஆண்டுகளிலோ அதற்கு முன்போ போய்விடும் என்பதைப் பலர் வாங்கிய பிறகுதான் உணர்கிறார்கள். ஆகவே இங்கே இனங்களை ஒப்பிடும்போது, அறிவுக்கூர்மை, நிறம், விளையாட்டு ஆகியவற்றுக்கு இரண்டாம் இடமே தருகிறேன். ஒவ்வொன்றும் எப்படி முதுமை அடைகிறது, அந்த முடிவு வளர்ப்பவரிடம் என்ன கேட்கிறது என்பதே என் அளவுகோல்.

அந்த முடிவின் தன்மையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான ஆக்டோபஸ் இனங்கள் வாழ்வில் ஒரே ஒரு பருவத்தில்தான் இனப்பெருக்கம் செய்கின்றன. முட்டையிட்ட பெண், வளையை விட்டு வெளியே வராமல், முட்டைகள்மீது நீரைப் பீய்ச்சியும் உறிஞ்சுகளால் வருடியும் அவற்றைத் தூய்மையாக வைத்துக்கொண்டு, இரையைத் தொடாமல் மெலிந்து, குஞ்சுகள் வெளிவரும் காலத்தை ஒட்டி இறந்துபோகிறது. 1977-இல் ஜெரோம் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர், முட்டை காத்துக்கொண்டிருந்த பெண்களிடமிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் இடையிலுள்ள பார்வைச் சுரப்பிகளை அகற்றியபோது, அவை முட்டைகளைக் கைவிட்டு மீண்டும் உண்ணத் தொடங்கி, அகற்றப்படாதவற்றைவிட நெடுநாள் வாழ்ந்தன. யான் வாங், கிளிஃப்டன் ராக்ஸ்டேல் ஆகியோர் இடம்பெற்ற குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வு, முட்டை காக்கும் பெண்ணின் அந்தச் சுரப்பியில் கொலஸ்ட்ரால் சார்ந்த வேதிப்பொருள்களின் உற்பத்தி மாறிவிடுவதைக் காட்டியது. இதன் பொருள் வளர்ப்பவருக்குக் கசப்பானது. ஆனால் ஒருவகையில் ஆறுதலும் தருவது. முதுமை உடலுக்குள்ளிருந்தே தொடங்கி நடக்கிறது. இன்னும் நல்ல வடிகட்டி வைத்திருந்தால் பிழைத்திருக்குமோ என்று தன்னையே நொந்துகொள்ள இடமில்லை. இணையே சேராத பெண்ணும் கருவுறாத முட்டைகளை இட்டு, அவற்றையும் அதே பக்தியோடு காத்து, அதே வழியில் போய்விடுகிறது. முட்டைக்குப் பொறுப்பில்லாத ஆணும் இனப்பெருக்க வயதைக் கடந்ததும் தளர்ந்து இறக்கிறது.

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் வாய்ப்பிலிருந்து தொடங்குவோம். கடலில் பிடித்து, இனப்பெயர் சரியாகத் தெரியாமல், ‘பழுப்பு ஆக்டோபஸ்’ என்பது போன்ற பொதுப்பெயரில் விற்கப்படும் வெப்பக்கடல் ஆக்டோபஸ் இது. விலை குறைவு, கண்ணில் பட்டதும் வாங்கிவிடலாம். ஆனால் அதன் வயது யாருக்கும் தெரியாது. பார்க்கக் கம்பீரமாக, நல்ல அளவில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பது மனித இயல்பு. அந்த அளவே அதன் ஆயுளில் பெரும்பகுதி கழிந்துவிட்டது என்பதற்கான அடையாளமாக இருக்கக்கூடும். பெண் ஆக்டோபஸ் இணைசேர்ந்த பிறகு விந்தணுக்களை உடலில் சேமித்து வைத்திருக்க வல்லது என்பதால், வாங்கி வந்த சில வாரங்களிலேயே முட்டையிட்டு வளைக்குள் முடங்கிவிடுவதும் உண்டு. அப்படிக் கிடைப்பவற்றில் பகலில் இயங்கும் அப்டோபஸ் அகுலியாட்டஸ் போன்ற அருமையான இனங்களும் இருக்கலாம். பாசி போலத் தன்னை உருமாற்றிக்கொண்டு இரண்டு கைகளால் கடலடியில் நடந்து செல்லும் அதன் பழக்கத்தை 2005-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அது என் கைக்குக் கிடைத்தால் மகிழ்வேன் என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் எத்தனை மாதம் மிச்சம் என்று தெரியாத உயிரை முதல் ஆக்டோபஸாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்கு நேர் எதிரில் நிற்பது ‘பைமாக்’ என்று வளர்ப்பாளர்கள் செல்லமாக அழைக்கும் கலிபோர்னியா இரட்டைப்புள்ளி ஆக்டோபஸ். இரு கண்களுக்கும் கீழே நீல வளையமுள்ள பொய்க்கண் ஒவ்வொன்று இருப்பதால் இந்தப் பெயர். ஆக்டோபஸ், கணவாய் போன்றவை அடங்கிய தலைக்காலிகளிலேயே முதன்முதலில் முழு மரபணுத் தொகுப்பு படிக்கப்பட்டது இந்த இனத்துக்குத்தான். அது 2015-இல் வெளியானது. வீட்டுக்கு இது பொருந்துவதற்குக் காரணம் அதன் முட்டையின் அளவு. சாதாரண ஆக்டோபஸ் எனப்படும் ஆக்டோபஸ் வல்காரிஸ் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய முட்டைகளை இடும். அவற்றிலிருந்து வரும் குஞ்சுகள் வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து திரிய வேண்டியவை. வீட்டுத் தொட்டியில் அவற்றைக் கரைசேர்ப்பது நடைமுறையில் இயலாது. பைமாக்கின் முட்டைகள் பெரியவை, எண்ணிக்கையில் சில நூறுதான். பொரித்த அன்றே குஞ்சுகள் தாயின் சிற்றுருவாகத் தரையில் ஊர்ந்து வேட்டையாடத் தொடங்கிவிடுகின்றன. அதனால் தொட்டியிலேயே பிறந்த குட்டியை, பிறந்த தேதியோடு வாங்க முடிகிறது.

அந்தத் தேதியின் மதிப்பை எவ்வளவு சொன்னாலும் தகும். ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு, நல்வாய்ப்பு இருந்தால் இரண்டாண்டு வரை வாழும் உயிரைக் குட்டிப் பருவத்திலிருந்தே பார்க்கக் கிடைப்பதும், அதன் கடைசி மூன்று மாதங்களை மட்டும் பார்க்கக் கிடைப்பதும் ஒன்றல்ல. பைமாக் பகலிலும் நடமாடும். உணவு கொடுப்பவரை அடையாளம் கண்டு கண்ணாடியருகே வரும். மூடியைத் திருகிய புட்டிக்குள் நண்டை வைத்துக் கொடுத்தால் பொறுமையாக ஆராயும். குறை, வெப்பநிலையில் இருக்கிறது. இது மிதக்குளிர்க் கடலின் உயிர் என்பதால், நீர் 18 முதல் 22 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். அதற்குப் பல வீடுகளில் குளிர்விப்பான் தேவைப்படும். நீர் சூடாக இருந்தால் வளர்ச்சி விரைவாகும், ஆயுளும் சுருங்கும். வளர்ப்பவர் கையில் இருக்கும் ஒரே ‘ஆயுள் நீட்டிப்பு’ இந்தக் குளிர்விப்பான்தான் என்பேன். தொட்டியோ 200 லிட்டருக்குக் குறையாமல், சில மாதங்கள் ஓடிப் பக்குவப்பட்டதாக இருக்க வேண்டும். ஆக்டோபஸின் நீலக் குருதி ஆக்சிஜனைச் சுமப்பது செம்பின் துணையால்தான் என்றாலும், நீரில் கரைந்த செம்பு அதற்கு நஞ்சு. மீன்களுக்குச் செம்பு மருந்து ஊற்றிய பழைய தொட்டியை எடுத்து இதற்குப் பயன்படுத்துவது பெரும்பிழை.

இடம் குறைவு என்பவர்கள் ஆக்டோபஸ் மெர்கேடோரிஸ் என்ற குறு ஆக்டோபஸை நாடுகிறார்கள். உடல் சில சென்டிமீட்டர்தான். சிறிய தொட்டி போதும். இதன் முட்டைகளும் பெரியவை என்பதால் குஞ்சுகளை வளர்த்தெடுக்கலாம். ஆனால் இது இரவில் இயங்குவது, கூச்ச சுபாவம் மிக்கது. சிப்பி ஓட்டுக்குள் பகல் முழுவதும் ஒளிந்திருப்பதை, விளக்கணைத்த பிறகு செவ்வொளியில் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆயுளும் ஓராண்டுக்குள் அடங்கிவிடும். பாதி வாழ்நாளைக் காணாமலே கழிப்பதில் எனக்கு ஈர்ப்பில்லை. நீல வளைய ஆக்டோபஸும் சிறியது, அழகானது, சில இடங்களில் விற்கவும் படுகிறது; அதன் கடியில் உள்ள டெட்ரோடோடாக்சின் என்ற கொடிய நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது என்பதால் அதைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை.

ஆக்டோபஸிலிருந்து அரையடி விலகி நின்று பார்த்தால், உண்மையான போட்டியாளர் தெரியவரும்: குறுங்கணவாய் எனத்தக்க செபியா பாண்டென்சிஸ். இதன் வாழ்நாளும் ஏறத்தாழ ஓராண்டுதான். அப்படியிருந்தும் பிரிவு வேறு விதமாக அமைகிறது, ஏனெனில் இதைக் கூட்டமாக வளர்க்கலாம். ஆக்டோபஸ் தனிமை விரும்பி. ஒரே தொட்டியில் இரண்டை விட்டால் ஒன்று மற்றதை உண்டுவிடும் அபாயம் எப்போதும் உண்டு. ஆகவே அது இறக்கும் நாளில் தொட்டி முழுவதும் வெறிச்சோடிவிடுகிறது. கணவாய்களோ கருந்திராட்சைக் கொத்துப் போன்ற முட்டைகளைத் தொட்டியிலேயே இட்டுவைக்கின்றன. தாய் அவற்றைக் காத்துக் கிடப்பதில்லை. முதியவை ஒவ்வொன்றாகத் தளரும்போது அடுத்த தலைமுறை முட்டைத் தோலுக்குள் துடிப்பதைப் பார்க்கலாம். இவை தொட்டியை விட்டு ஏறி வருவதும் இல்லை. வெப்பக்கடல் உயிர் என்பதால் குளிர்விப்பானும் பெரும்பாலும் வேண்டாம். தொல்லை, தீவனத்தில்தான். பொரித்த குஞ்சுகள் மைசிட் எனப்படும் உயிருள்ள சிற்றிறால்களைத்தான் பிடிக்கும். உறைய வைத்த இறாலுக்குப் பழக்குவதற்கு வாரங்கள் ஆகும். அதுவரை நாள்தோறும் உயிர் இரை வாங்கியோ வளர்த்தோ தீரவேண்டும். திடுக்கிட்டால் பின்னோக்கிப் பாய்ந்து கண்ணாடியில் மோதிப் பின்நுனியைப் புண்ணாக்கிக்கொள்வதும், அந்தப் புண்ணில் தொற்று ஏறி இறப்பதும் இவற்றிடம் அடிக்கடி நடப்பவை. கண்ணாடியை விரலால் தட்டிப் பார்க்கும் விருந்தினர் உள்ள வீட்டுக்குக் கணவாய் ஆகாது.

நெடுநாள் வாழ்வதே வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு பெயர்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த ஆக்டோபஸ் கியெர்கியே. வரிக்குதிரை போன்ற பட்டைகள் கொண்ட சிற்றினம். இதன் பெண், ஒருமுறை முட்டையிட்டதும் இறந்துவிடாமல், பலமுறை முட்டையிட்டுக் குஞ்சு காத்து மீண்டும் உண்டு தேறுகிறது என்பது 1984-லேயே பதிவாகியது. ஆய்வகத்தில் இதைத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் முறையும் 2021-இல் வெளியானது. ஆயினும் பலமுறை முட்டையிடுவதால் ஆயுள் பத்தாண்டாகிவிடவில்லை. அதுவும் ஏறத்தாழ இரண்டாண்டுதான். கிடைப்பதும் மிக அரிது. மற்றொன்று, இருபதாண்டு வரை வாழக்கூடிய, சுருள் ஓடு கொண்ட தலைக்காலியான நாட்டிலஸ். பருவமடையவே பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு, சில முட்டைகளை மட்டும் இட்டு, அவை பொரிக்க ஓராண்டளவு காத்திருக்கும் இந்த உயிர், ஓட்டுக்காகப் பிடிக்கப்பட்டே குறைந்துவருவதால் 2017 முதல் அழிநிலை உயிரினப் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின், வணிகத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் பட்டியலில் உள்ளது. தொட்டியில் விற்கப்படுவது அநேகமாகக் கடலில் பிடித்ததாகவே இருக்கும். நம் வருத்தத்தைக் குறைத்துக்கொள்ள, மெதுவாக இனம்பெருக்கும் ஓர் உயிரைக் கடலிலிருந்து எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆயுள்தான் முதன்மை என்றால் தொட்டியில் பிறந்த கோமாளி மீன் பத்தாண்டுக்கு மேலும் உடனிருக்கும்.

ஆக, ஒரே உயிரோடு நெருங்கிப் பழக விரும்புகிறவருக்குப் பைமாக். வெறுமையைத் தாங்கமாட்டாதவருக்கும், கண்ணாடியைத் தட்டாத குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் கணவாய்க் கூட்டம். இரண்டில் எதை எடுத்தாலும் முடிவுக்காலத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஆக்டோபஸ் நண்டைக் கண்டும் கை நீட்டாமல் இருப்பது, தோலில் ஆறாத வெண்புண்கள் தோன்றுவது, கைகள் ஒருங்கிணைப்பின்றி அலைவது, ஒளிவிடத்தை விட்டு வெட்டவெளியில் குறிக்கோளின்றித் திரிவது ஆகியவை முதுமைத் தளர்ச்சியின் அடையாளங்கள். இந்நிலையில் மருந்தைத் தேடி அலைவது வீண். நீரோட்டத்தைக் குறைத்து, வெளிச்சத்தை மங்கலாக்கி, ஓடு நீக்கிய இறால் துண்டை உறிஞ்சுகளுக்கருகே வைத்து, எடுக்காவிட்டால் சிறிது நேரத்தில் அகற்றிவிடலாம். முட்டை காக்கும் பெண்ணாக இருந்தால் வளையைக் கிளறாமல் விடுவதே நல்லது. சில பெண்கள் கடைசி வாரங்களிலும் ஒரு துண்டை வாங்கிக்கொள்கின்றன. துன்பம் கண்கூடாகத் தெரிந்தால், மெக்னீசியம் குளோரைடால் மயக்கமூட்டி முடித்து வைப்பது தலைக்காலிகளுக்கு ஆய்வகங்களில் கையாளப்படும் முறை. கால்நடை மருத்துவரின் துணையோடு செய்ய வேண்டியது அது. உறைபெட்டியில் வைப்பது கருணை என்று சிலர் கருதுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன்.

இறந்த உடலை அன்றே எடுத்துவிட வேண்டும், ஏனெனில் அது சிதையும் வேகத்தில் அம்மோனியா ஏறி, குஞ்சுகள் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும். பைமாக் குஞ்சுகள் பொரித்திருந்தால், அவை ஒன்றையொன்று உண்ணும் என்பதால், தனித்தனிச் சிறு கூண்டுகளுக்கு மாற்றும் வேலை காத்திருக்கும். குஞ்சு எதுவும் இல்லாத வீட்டில், இரைக்காக வைத்திருந்த சங்குநண்டுகளைத் தொட்டியிலேயே விட்டு, அவற்றுக்கு வழக்கம்போல் உணவிட்டு வந்தால், வடிகட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் பட்டினியால் அழியாமல் இருக்கும். அடுத்த குட்டியை அடுத்த மாதம் வாங்குவதா, அடுத்த ஆண்டு வாங்குவதா என்பதை அவசரமில்லாமல் முடிவு செய்யலாம்.