மேற்குச் சுவரை ஒட்டி ஒரு வராந்தா: இரண்டு கோடைகளுக்குப் பிறகு

எங்கள் வீட்டின் மேற்குப் பக்கத்துப் படுக்கையறையில், இரவு ஒன்பது மணிக்குக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தால், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பாத்திரத்தின் சூடு தெரியும். வெயில் தாழ்ந்து வெகு நேரமாகியிருக்கும். ஆனாலும் சுவர் ஆறியிருக்காது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், வெளிப்புறத்தில் வாங்கிய வெப்பத்தை உட்புறத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய ஆறேழு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பிற்பகல் மூன்று மணி வெயில் நாங்கள் படுக்கப் போகும் நேரத்தில்தான் அறைக்குள் வந்து சேர்ந்தது என்பதையும், ஏசி இரவு முழுவதும் அந்தச் சுவரோடுதான் போராடிக்கொண்டிருந்தது என்பதையும் புரிந்துகொண்ட பிறகே, அந்தச் சுவரை ஒட்டி ஒரு வராந்தா போடுவதென்று முடிவு செய்தோம்.

வேலையை ஆயத்த வராந்தா அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். அளவெடுப்பது முதல் இரும்புத் தூண், கூரை, மழைநீர்க் குழாய், மூங்கில் திரை வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்த மதிப்புரையில் நிறைகளோடு ஒரு பெரிய குறையும் வருவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே முறையில் வேலை செய்யும் நிறுவனங்கள் பல இருப்பதால், யாரிடம் கொடுப்பதாக இருந்தாலும் கீழே சொல்பவை பொருந்தும்.

முதலில் அகலத்தைப் பற்றி. அளவெடுக்க வந்தவர், ‘இரண்டு நாற்காலி போட்டு உட்கார ஐந்தடி போதும்’ என்றார். உட்காருவதற்குப் போதும்தான், நிழலுக்குப் போதாது. கூரையின் வெளி விளிம்பு தரையிலிருந்து ஏழடி உயரம். எங்கள் சன்னல் மூன்றடியில் தொடங்கி ஏழடியில் முடிகிறது. சூரியன் நேர் மேற்கே 45 பாகை உயரத்தில் இருக்கும்போது, கூரை எத்தனை அடி வெளியே நீண்டிருக்கிறதோ அத்தனை அடி ஆழத்துக்குச் சுவரில் நிழல் இறங்கும். சூரியன் 30 பாகைக்கு இறங்கிவிட்டால் அந்த நிழல் கூரை அகலத்தில் ஏறக்குறைய 58 சதவீதமாகச் சுருங்கிவிடும். அப்படியென்றால் ஐந்தடி வராந்தாவில் நிழல் மூன்றடிகூட இறங்காது. சன்னலின் அடிப்பகுதியில் வெயில் அடிக்கும். எட்டடி வராந்தாவில் நாலரை அடிக்கு மேல் இறங்கி, சன்னல் முழுவதையும் மூடிவிடும். இந்தக் கணக்கை ஒரு தாளில் வரைந்து காட்டியதும் அவர் மறுப்பின்றி எட்டடிக்கு மாற்றிக்கொடுத்தார். வாடிக்கையாளர் கேட்டால் காது கொடுக்கிறார்கள் என்பது நிறைதான். ஆனால் வெயிலைத் தடுப்பதற்காகவே விற்கப்படும் ஒன்றை அளக்கும்போது, வீட்டின் திசையை அவர்களே முதலில் கேட்டிருக்க வேண்டும்.

சன்னல் நிழலில் இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலடிக்கு நாலடி கொண்ட சன்னலின் பரப்பு ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீட்டர். மாலை வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் அளவில் நேராக விழுகிறது என்று வைத்துக்கொண்டால், சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். அறைக்குள் 700 வாட் ஹீட்டர் ஒன்றை ஓடவிட்டு, அதே அறையில் ஏசியையும் போடுவதற்குச் சமம் இது. உட்புறத்தில் கனமான திரைச்சீலை போட்டால் கண் கூசுவது குறையுமே தவிர, வெப்பத்தில் பெரும்பகுதி கண்ணாடியைக் கடந்து அறைக்குள் வந்த பிறகுதான் சீலையில் பட்டு நிற்கிறது. வராந்தா அந்த வெயிலைக் கண்ணாடிக்கும் சுவருக்கும் எட்டடி தள்ளியே நிறுத்திவிடுகிறது. அதன் பலன் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

கட்டுமான வேலை நேர்த்தியாக இருந்தது. தூண்களை அடித்தகடு வைத்துக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு நிறுத்தினார்கள்; பற்றவைத்த இடங்களை அரைத்துச் சமன் செய்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகே நிறம் பூசினார்கள். இரண்டு மழைக்காலம் கடந்தும் ஓரிடத்தில்கூடத் துரு எட்டிப்பார்க்கவில்லை. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தாமதமானது. அதைக் குறையாக எண்ணவில்லை.

குறை கூரையில்தான் இருந்தது. முதலில் அவர்கள் போட்டது ‘கலர் ஷீட்’ எனப்படும் நிறம் பூசிய ஒற்றை உலோகத் தகடு, அதுவும் அடர்ந்த செங்காவி நிறம். அடர்நிற உலோகத் தகடு உச்சி வெயிலில் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாவது இயல்பு. சூடான தகடு கீழே நிற்பவர் தலையிலும் பக்கத்துச் சுவரிலும் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இறக்கிக்கொண்டே இருக்கும். இதைவிட மோசமான தவறு கூரை சுவரோடு சேரும் இடத்தில் நடந்தது. சாய்வான கூரையின் உயரமான விளிம்பு சுவர்ப்பக்கம் வருகிறது. தகட்டின் கீழே சூடான காற்று சாய்வோடு ஏறி அங்கேதான் போய் நிற்கும். மழை இறங்கக் கூடாது என்பதற்காக அந்த இணைப்பை ஓர் இடுக்கு விடாமல் தகடும் சீலண்ட் என்னும் அடைப்புப் பசையும் வைத்து அடைத்துவிட்டார்கள். அதற்குச் சரியாக ஒரு சாண் கீழே எங்கள் அறையின் வென்டிலேட்டர். முதல் கோடையின் ஒரு பிற்பகலில் ஏணி வைத்து ஏறி வென்டிலேட்டர் அருகே கையை நீட்டினேன். இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற ஆவியைப் போலச் சூடு அடித்தது. தெருவில் வீசிய காற்றுகூட அந்த அளவுக்குச் சூடாக இல்லை. சுவர் நிழலில் இருந்தும் அறை எதிர்பார்த்தபடி குளிராததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

நிறுவனத்தை அழைத்தபோது, ‘எல்லா வீட்டிலும் இப்படித்தான் போடுகிறோம், யாரும் சொன்னதில்லை’ என்பதே முதல் பதிலாக வந்தது. மூன்று முறை பேசிய பிறகு ஒரு மேற்பார்வையாளர் நேரில் வந்தார். அவரையும் அதே ஏணியில் ஏறச் சொன்னேன்; இறங்கியவர் வாதம் செய்யவில்லை. கூரையின் சுவர்ப்பக்க விளிம்பை அரை அடி கீழே இறக்கி, சுவருக்கும் கூரைக்கும் நடுவே நான்கு அங்குல இடைவெளி விட்டு, அதன்மேல் சுவரிலிருந்து ஒரு தகட்டை நீட்டி மழை உள்ளே வராதபடி குடைபோல் மூடினார்கள். சூடான காற்று இப்போது வென்டிலேட்டருக்குப் போகாமல் அந்த இடைவெளி வழியே மேலே போய்விடுகிறது. ஷீட்டுக்குப் பதிலாக, நடுவில் நுரை அடைத்த வெள்ளை நிற பஃப் பேனலைக் கூடுதல் தொகை வாங்கிக்கொண்டு மாற்றினார்கள். இடைவெளி விடும் வேலைக்குப் பணம் கேட்கவில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன். ஆனால் முதலிலேயே செய்திருந்தால் எங்களுக்கு ஒரு கோடை வீணாகியிருக்காது.

இரண்டாம் கோடையில் கண்ட மாற்றம் தெளிவானது. இரவு ஒன்பது மணிக்கு அதே சுவரில் கை வைத்தால் அறையின் மற்றச் சுவர்களுக்கும் அதற்கும் வேறுபாடு தெரிவதில்லை. முன்பு மாலை நான்கு மணிக்கே ஏசி தேவைப்பட்ட அறையில், இப்போது பெரும்பாலான நாட்களில் மின்விசிறியே படுக்கும் நேரம் வரை போதுமானதாக இருக்கிறது. 75 வாட் மின்விசிறிக்கும், ஓடும்போது ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் ஏசிக்கும் உள்ள தூரத்தை நினைத்தால், மாலையில் மிச்சமாகும் அந்தச் சில மணி நேரத்தின் மதிப்பு புரியும். இரண்டு கோடைகளின் வெயிலும் ஒன்றாக இருந்திருக்காது என்பதால் மின்கட்டண ரசீதுகளை ஒப்பிட்டு ஒரு சதவீதம் சொல்ல எனக்கு மனமில்லை. சுவரின் சூடு தணிந்ததைக் கையே சொல்கிறது. நான் எதிர்பாராத இன்னொரு பயன், மழை நேரத்திலும் சன்னலைத் திறந்தே வைக்க முடிவது. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் சன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இழப்பும் உண்டு. அறையில் பகல் வெளிச்சம் குறைந்துவிட்டது. வராந்தாவின் கூரை அடிப்புறமும் சுவரும் வெள்ளையாக இருப்பதால் ஓரளவு வெளிச்சம் உள்ளே எதிரொளிக்கிறது. அடர்நிறத்தில் இருந்திருந்தால் நண்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும், சேமித்த மின்சாரத்தில் ஒரு பங்கு அதற்கே போயிருக்கும். குளிர்காலத்தில் வெயில் தேவைப்படும் ஊர்களில், சூரியன் தாழ்ந்து வரும் பக்கத்தில் இவ்வளவு அகலமான நிலையான கூரை போடுவது சரிவராது. அங்கே குறுகிய கூரையோ, குளிரில் இலை உதிர்க்கும் கொடிப் பந்தலோ பொருத்தம்.

மூங்கில் திரை இந்தத் தொகுப்பிலேயே எளிய பொருள். ஆனால் அதைத் தவிர்க்க வேண்டாம். சூரியன் 15 பாகைக்கு இறங்கும்போது எட்டடிக் கூரையின் நிழல் இரண்டடி சொச்சம்தான் இறங்குகிறது. சன்னலின் கீழ்ப்பாதியில் வெயில் நேராக அடிக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூரை விளிம்பிலிருந்து திரையை இறக்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் சுருட்டிவிடுகிறோம். இழுக்கும் கயிறு ஓராண்டிலேயே வெயிலில் நைந்து அறுந்தது. நைலான் கயிற்றை நாங்களே வாங்கி மாற்றிக்கொண்டோம். நிறுவனம் இதை முதலிலேயே தரமானதாகக் கொடுக்கலாம்.

வேலை முடிந்த பிறகு அவர்கள் மூன்று பக்கமும் நகரும் கண்ணாடிக் கதவுகள் போட்டுத் தருவதாகச் சொல்லி, தூசி வராது என்று வற்புறுத்தினார்கள். மேற்குப் பார்த்த வராந்தாவுக்குக் கண்ணாடி போட்டால், வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. சுவருக்கு நிழல் கொடுத்த இடமே சுவரைச் சூடாக்கும் அறையாகிவிடும். காற்று ஓடுவதால்தான் வராந்தா வேலை செய்கிறது. இதே காரணத்துக்காகக் கைப்பிடிச் சுவரும் வேண்டாமென்று, கம்பித் தடுப்போடு நிறுத்திக்கொண்டோம்.

அடுத்து கிழக்குப் பக்கத்திலும் ஒரு வராந்தா போட இதே நிறுவனத்தையே கேட்டிருக்கிறோம். இந்த முறை அகலம், வெள்ளைப் பேனல், சுவரோரத்து நான்கு அங்குல இடைவெளி ஆகிய மூன்றையும் வரைபடத்தில் குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே முன்பணம் கொடுத்திருக்கிறோம்.