எம்18 பிராக்ஸிமிட்டி சென்சார்: 10,200 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடுற மர ட்ரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ண எம்18 சென்சார் (18 மி.மீ. மரை போட்ட, இரும்பு கிட்ட வந்தா தொடாமலே உணர்ற கருவி) மாட்டுறவங்க இதைப் படிச்சுட்டு ஆர்டர் போடுங்க. ஆன்லைன் மொத்த விலைத் தளம் ஒண்ணுல 12 சென்சார், பீஸ் 850, மொத்தம் 10,200 ரூபாய், முழுசும் முன்பணம். பார்த்து வாங்குறது எப்படின்னு கடைசியில சொல்றேன்.

சாம்பிள்தான் கவுத்துச்சு. நான்-ஃப்ளஷ் (முகம் வெளிய நீட்டி நிக்கிற வகை), 10–30 வோல்ட், இரும்பு 8 மி.மீ. தூரத்துக்கு வந்ததும் எல்.இ.டி. பளிச்சுனு எரிஞ்சுது. "இதே லாட்தான் சார், தைரியமா எடுங்க"ன்னான் விக்கிறவன். அந்த ஒரு வார்த்தைக்குப் போனதுதான் 10,200.

வந்த பன்னிரண்டும் வெளிய பார்க்க அச்சு அசல். ட்ரம் போல்ட் தலைக்கு 5 மி.மீ. கேப் விட்டா கவுன்ட்டே ஏறல. 8 மி.மீ. சென்சார் 6.4 வரைக்கும் உறுதியா பிடிக்கணும். 24 மி.மீ. சதுரம், 1 மி.மீ. தடிமன் மைல்ட் ஸ்டீல் தகடு வச்சு அளந்தா வெறும் 3.5. கிட்ட நகர்த்தலாம்னா மர ட்ரம் ஆடும், போல்ட் வந்து சென்சார் மூஞ்சியில இடிக்கும். அதைவிட மோசம், மதியம் தகர ஷெட் சூடு ஏறினதும் எதிர்ல இரும்பே இல்லாம எல்.இ.டி. எரிஞ்சபடியே நிக்குது.

ஒண்ணை ஹேக்ஸா பிளேடால அறுத்தாச்சு. முகத்துக்குப் பின்னாடி ஃபெரைட் பாட் கோர் (காந்தப்புலத்தை முன்பக்கம் திருப்புற கிண்ணம் மாதிரி துண்டு) இருக்கணும்; இருந்தது மொட்டை பிளாஸ்டிக் பாபின்ல சுத்தின காயில். கோர் இல்லன்னா காந்தப்புலம் முன்னாடி போகாம பித்தளை பாடியிலேயே சுழல் மின்னோட்டமா வீணாகும். காயிலை அலைவுல வச்சிருக்கிற ஆஸிலேட்டர் சர்க்யூட் எப்போ நிக்குமோங்கிற விளிம்புல ஓடும். சூட்டுல செம்புக் கம்பியோட ரெசிஸ்டன்ஸ் 35 டிகிரி ஏற்றத்துக்கு சுமார் 14 சதவீதம் கூடும். அலைவு விழுந்துடும், சர்க்யூட் அதை இரும்பு வந்துடுச்சுன்னு எடுத்துக்கும். உள்ள எப்பாக்ஸி பிசின் ஊத்தி அடைக்கிற பாட்டிங் கிடையாது, பின்பக்கம் க்ளூ கன் பசை. ரிலே ஆஃப் ஆகும்போது அதோட காயில் திருப்பி அடிக்கிற வோல்டேஜ் உதைப்பைத் தாங்க அவுட்புட்ல ஜீனர் டயோடும் இல்ல.

கேட்டதுக்கு முதல் நாள் பதில்: "உங்க டார்கெட் அலுமினியமா இருக்கும் சார்." அலுமினியத்துக்கு தூரம் பாதிக்கும் கீழ குறையும்னு தெரிஞ்சே சொல்றான்! போல்ட்டுல காந்தம் ஒட்டுற வீடியோ அனுப்பினதும் "சப்ளை வோல்டேஜ் செக் பண்ணுங்க". மீட்டர்ல 24.1. அப்புறம் "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க". இப்படியே ஏழு நாள் ரிட்டர்ன் கெடுவை ஓட்டிட்டு எட்டாம் நாள் "ரிட்டர்ன் முடிஞ்சுது சார்". 10,200 ரூபாய்! இப்போ ப்ளூ டிக் மட்டும்தான் வருது.

டைப் பண்ணவே கை வரல, சுருக்கமா சொல்றேன். முழு முன்பணம் போடாதீங்க. பார்சல் பிரிக்கிறதை வீடியோ எடுங்க. இடைவெளிக்கு பிளாஸ்டிக் ஷிம் (மெல்லிய தகடு) வச்சு அன்னைக்கே எல்லாத்தையும் அளங்க. இடைவெளி அளக்கிற இரும்பு ஃபீலர் கேஜ் வச்சா சென்சார் அதையே பிடிச்சுக்கும். ஹேர் டிரையர் காட்டுங்க, சும்மா எரிஞ்சா அப்பவே திருப்பி அனுப்புங்க, டெக்னிக்கல் டீம் வரட்டும்னு ஒரு நாள்கூட காத்திருக்காதீங்க.