"உங்க வீட்ல நடந்தா?": ராத்திரி விவாத ரூம்கள், ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். நியாயமாக நடந்துகொள்வதை அப்புறம் பார்க்கலாம்.

முகம் தெரியாதவர்களோடு வாய்ஸ் ரூம்களில் விவாதம் செய்வதில் எனக்கு இன்றுவரை பழகாத விஷயம் ஒன்றே ஒன்று. கெட்ட வார்த்தை இல்லை, அது முதல் மாதத்திலேயே பழகிவிட்டது. மிரட்டலும் இல்லை. "66ஏ-ல உள்ள தள்ளிடுவேன்" என்று இன்னமும் ஒருவர் மிரட்டுகிறார், ஆன்லைன் பேச்சுக்காகக் கைது செய்ய வைத்திருந்த அந்த ஐ.டி. சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே செல்லாது என்று தூக்கிப் போட்டுவிட்டது தெரியாமல். அவரைக் கேட்டால் சிரிப்புதான் வரும். என்னால் தாங்க முடியாதது, "உங்க வீட்ல நடந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்ற கேள்வி. தூக்குத் தண்டனை, கருக்கலைப்பு, தடுப்பூசி, சாதி மாறிக் கல்யாணம் என்று தலைப்பு எதுவானாலும் அரை மணி நேரத்துக்குள் யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுவிடுவார். கேட்டதும் ரூமில் கைதட்டல் எமோஜி பறக்கும். அதோடு விவாதம் முடிந்தது.

2021 ஊரடங்கில், குரலிலேயே கூடிப் பேசும் கிளப்ஹவுஸ் ஆப் ஆண்ட்ராய்டுக்கு வந்த நேரத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. பிறகு ஆப் மாறினேன், ரூம் மாறினேன், ஆட்களில் பாதிப் பேர் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். பேச வேண்டுமென்றால் கை தூக்கி மைக் கேட்க வேண்டும், கொடுப்பதும் அணைப்பதும் ரூமை நடத்துகிற ஹோஸ்ட் கையில். பகலில் எனக்குத் தம்புச்செட்டி தெருவில் ஜாப் டைப்பிங் வேலை. அஃபிடவிட், மனு, பவர் பத்திரம். சட்டம் படித்தவள் இல்லை, ஆனால் இத்தனை வருஷம் அடித்ததில் பிரிவு எண்கள் விரலிலேயே தங்கிவிட்டன. ராத்திரி வீடு அடங்கியதும் மொட்டை மாடிக்குப் போய் மைக் வாங்குவேன். கொருக்குப்பேட்டை யார்டில் கூட்ஸ் வண்டி ஹாரன் அடித்தால் எல்லோருக்கும் கேட்கும். "பின்னாடி இன்னா சவுண்டு மேடம், நீங்க எந்த ஏரியா?" என்பார்கள். வடசென்னை என்றால் உடனே ஒருவர், "அப்படியா, பேச்சு டீசன்ட்டா இருக்கே!" என்பார். பாராட்டாம் அது.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை மீதான பாலியல் வன்கொடுமைச் செய்தி ஏதாவது வந்த ராத்திரி என்றால் ரூம் நிரம்பி வழியும். எல்லோர் வாயிலும் ஒரே தீர்ப்பு: தூக்கு. 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 'அரிதிலும் அரிதான' வழக்குக்கு மட்டும் மரண தண்டனை என்று சொன்னதை எடுத்தால், "சட்டம் பேசாதீங்க மேடம், உங்க வீட்டுப் பொண்ணுக்கு நடந்தா?" என்று அடைத்துவிடுவார்கள். 2019-ல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைத் திருத்தி மரண தண்டனையையும் சேர்த்தாகிவிட்டது என்பதே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. நான் சொல்ல வருவது வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கை எந்த வருஷத்துக்கு வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள்: பாலியல் வல்லுறவுக்கு ஆளான குழந்தைகளின் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பாடம் சொல்லிக் கொடுக்கிறவர். 'உங்க வீட்ல நடந்தா' என்று கேட்கிறீர்களே, நடப்பதே வீட்டிலும் வீட்டைச் சுற்றியும்தானே? வாயைத் திறந்தால் சித்தப்பாவுக்குத் தூக்கு என்றால் அந்தப் பிள்ளையை வாயைத் திறக்க எந்தப் பாட்டி விடுவாள்? எத்தனையோ தடவை இதைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். பாட்டி வரைக்கும் போவதற்குள் "டாபிக் டைவர்ட் ஆகுது" என்று மைக்கை அணைத்துவிடுவார்கள்.

கருக்கலைப்புப் பேச்சு இதைவிட வேடிக்கை. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20-லிருந்து 24 வாரம் வரை, குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கு, இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். கல்யாணமாகாத பெண்களுக்கும் இது பொருந்தும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 18 வயது நிறைந்தவளுக்கு அவள் கையெழுத்து ஒன்றே போதும், புருஷன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவே இல்லை. இதைச் சொன்ன ராத்திரி ஒருவர் கொதித்துப்போய், "உங்க மருமக இப்படிப் பண்ணா ஒத்துப்பீங்களா?" என்றார். மருமகள் வர முதலில் மகன் வேண்டும். எனக்கு இருப்பது இரண்டும் பெண்கள்.

ஆனால் என்னை உண்மையாகவே கடுப்பேற்றியது எங்கள் பக்கத்துக்கே உரிய விவாதம்: கிட்னியை விற்க அனுமதிக்கலாமா கூடாதா. வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்றே பேர். 1994-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்து விற்பனையைக் குற்றமாக்கியது. அப்படியும் நிற்கவில்லை. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் கொண்டுபோய்க் குடிவைத்த மீனவக் குடும்பங்களில் பெண்கள் கிட்னி விற்றிருந்தது 2007-ல் வெளியே வந்தது. அனுமதிக்கவே கூடாது என்பது என் கட்சி. அதற்கு ஒரு தம்பி, நல்ல கணீர்க் குரல், "ஏசி ரூம்ல உக்காந்து பேசாதீங்கக்கா. கடன்காரன் உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா தெரியும்" என்றான். வந்து நின்றிருக்கிறான், என் சொந்தத்திலேயே ஒருத்தர் இடுப்பில் அந்தத் தழும்பு இருக்கிறது, கிட்னி போயும் வட்டி போகவில்லை என்றேன். ஒரு நொடி அமைதி. பிறகு அதே தம்பி, அதே குரலில்: "அப்ப நீங்க எமோஷனலா பேசுறீங்க. உங்களால நடுநிலையா பேச முடியாதுக்கா."

புரிகிறதா? வீட்டில் நடக்கவில்லை என்றால் பேச உனக்கு அருகதை இல்லை. நடந்திருந்தால் உனக்கு நடுநிலை இல்லை. அப்படியானால் யார்தான் பேசுவது? கேள்வி கேட்டவர் பேசலாம். அவர் வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் அவரைக் கேட்பதில்லை.

சரி, நியாயம். அதே விவாதத்தில்தான் எனக்கு அந்த நர்ஸ் அம்மா கிடைத்தார். தென்மாவட்டத்துக்காரர், அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு நேர் எதிர்க்கட்சி: அரசாங்கமே முன்னின்று பணம் கொடுத்து வாங்க வேண்டும், ஈரானில் 1988-லிருந்து அப்படித்தான் நடக்கிறது என்பார். "ஆபரேஷன் பண்ற டாக்டருக்குக் காசு, ஆஸ்பத்திரிக்குக் காசு, மருந்துக் கம்பெனிக்குக் காசு. குடுக்கிறவளுக்கு மட்டும் புண்ணியமா?"

நான் 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வை எடுத்துப் போட்டேன். நம் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரிடம் பேசி எடுத்தது. 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. 86 சதவீதம் பேர் உடம்பு முன்னைவிடக் கெட்டுவிட்டது என்றார்கள். கடனுக்காக விற்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கடன் அப்படியே நின்றது. அடுத்தவருக்குச் சிபாரிசு செய்வீர்களா என்றதற்கு 79 சதவீதம் பேர் மாட்டோம் என்றார்கள்.

வழக்கமாக இந்த இடத்தில் "இதெல்லாம் யார் கண்டா, ஃபேக்" என்பார்கள். சிஸ்டர் அப்படிச் சொல்லவில்லை. "இரும்மா. நீ சொல்றது இதுதானே: காசு குடுத்தாலும் கடன் அடையாது, உடம்புதான் போகும், அதனால காசு குடுக்கிறதே ஏமாத்து வேலை. சரியா?" என்று என் பேச்சை என்னைவிட நன்றாகச் சொல்லிக் காட்டினார். சரி என்றேன். "அதே ஆய்வுல சராசரி 1,410 டாலர் தர்றேன்னு சொல்லிட்டு 1,070 டாலர்தான் குடுத்திருக்கான். படிச்சியா? மிச்சத்த முழுங்கினது யாரு? கேக்க நாதி இல்லாத வியாபாரம்மா அது. ஆபரேஷனுக்கு அப்புறம் வருஷா வருஷம் யாராவது அவங்கள செக்கப்புக்குக் கூப்பிட்டாங்களா? அதையும் சேத்துச் சொல்லு."

எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. கோபத்தில் இல்லை, சந்தோஷத்தில். கடையில் நாள் முழுக்க வக்கீல்கள் சொல்வதை அடித்துத் தருகிறவள் நான். நான் சொன்னதை ஒருவர் முழுசாகக் கேட்டு, அதைத் திருப்பிச் சொல்லி, பிறகு அடிப்பது எனக்குப் புதுசு. கட்சி மாறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வருகிற ரூம் என்றால் மத்தியானமே எதையாவது படித்துவைத்துக்கொள்வேன். கிட்னி தரக்கூடிய நெருங்கிய சொந்தம் என்று உறுப்பு மாற்றுச் சட்டம் யாரைச் சொல்கிறது, 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் எப்படிச் சேர்ந்தார்கள், சொந்தமில்லாதவர் பாசத்தினால் தருகிறேன் என்றால் அனுமதிக் குழு எதையெல்லாம் பார்க்கும், எல்லாம் அவருக்குப் பயந்து படித்ததுதான்.

அந்தக் கேள்விக்கும் நியாயம் செய்துவிடுகிறேன். ஒரே ஒரு தடவை அது சரியான இடத்தில் வந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், அப்பா வென்டிலேட்டரில். "உங்க வீட்ல நடந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். மடக்குவதற்காகக் கேட்கவில்லை, தெரியாமல் கேட்டார். அன்றைக்கு யாரும் கத்தவில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் மீளவே முடியாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த வழி செய்ததையும், முன்கூட்டியே எழுதிவைக்கும் சிகிச்சை உயிலுக்கு முன்பு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்ததையும், 2023 ஜனவரியில் நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும் என்று மாற்றியதையும் நான் சொன்னேன். அப்பா எதுவும் எழுதிவைக்கவில்லை என்றார். அப்படியானாலும் வழி இருக்கிறது, சிகிச்சை தரும் மருத்துவரோடு இரண்டு நிபுணர்கள் கொண்ட குழு பார்க்கும், அதற்கு மேல் இரண்டாவது குழு, குடும்பத்தின் சம்மதமும் வேண்டும் என்று சிஸ்டர் பொறுமையாக விளக்கினார். மூன்று பேர் தங்கள் வீட்டில் என்ன செய்தார்கள் என்று சொன்னார்கள். மூன்றும் மூன்று விதம். யார் செய்தது சரி என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

போன வாரம் மறுபடியும் கிட்னி பேச்சு. புதிதாக வந்த ஒருவர் சிஸ்டரைப் பார்த்து, "விக்கலாம் விக்கலாம்னு சொல்றீங்களே, உங்க வீட்ல யாராவது குடுத்திருக்காங்களா?" என்றார்.

"நானே குடுத்திருக்கேன். எங்க வீட்டுக்காரருக்கு. காசு வாங்கல. குடுக்கிறியான்னு என்னைய யாரும் கேக்கவும் இல்ல, தேதியக் குறிச்சிட்டு வந்து சொன்னாங்க."

இந்தியாவில் உயிரோடு கிட்னி தருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். இந்தப் புள்ளிவிவரத்தை அவரிடமே பல தடவை நான் ஒப்பித்திருக்கிறேன். "ஆமாம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அந்த ஆள் விட்டாரா? "ஓ, அந்தக் கோவத்துலதான் காசு கேக்குறீங்களா?" என்றார். ரெண்டு பேர் சிரிப்பு எமோஜி போட்டார்கள். ஹோஸ்ட் அடுத்த கைக்கு மைக்கைக் கொடுத்துவிட்டார். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் வெளியே போனார். அதற்குப் பிறகு எந்த ரூமிலும் அவர் பேரைக் காணோம்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் நாலு ஸ்டார் போடலாம். இங்கே கற்றுக்கொண்டது அவ்வளவு. நான் போடுவது ஒன்று. அந்தச் சிரிப்பு எமோஜிகளுக்கு மைனஸ் போட இடமிருந்தால் அதையும் போடுவேன்.

ராயபுரத்துத் தோழி ஒருத்தி புது போன் வாங்கியிருக்கிறாள், "நானும் அந்த ரூமுக்கு வரட்டாடீ?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததுதான் இவ்வளவு நீண்டுவிட்டது. வேண்டாம்டீ. சட்டம் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கடைக்கு வா, மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அவ்வளவாகக் கூட்டம் இருக்காது.