18,000 யென் போச்சு: பழைய யாஷிகா வாங்குபவர்கள் கவனத்துக்கு

டோக்கியோவில் இருக்கும் நம்ம ஆட்களில் ஃபிலிம் கேமரா ஆசை உள்ளவர்கள் இதைப் படித்துவிடுங்கள். 18,000 யென் போன எரிச்சலில் எழுதுகிறேன்.

வாங்கியது யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் என்ற ஃபிலிம் கேமரா. பழைய சாமான் விற்கும் ஒரு கைபேசிச் செயலியில் பார்த்தேன். "சோதித்தாயிற்று, நன்றாக வேலை செய்கிறது" என்று விற்பவர் போட்டிருந்தார். என்னை விழவைத்தது அதற்குக் கீழே இருந்த கதை. 1949-ல் நாகானோவில் மின்கடிகார உதிரிபாகம் செய்யத் தொடங்கிய சின்ன நிறுவனம், 1966-ல் எலக்ட்ரோ 35, 1983-ல் கியோசெரா என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது, 2005-ல் கேமரா தொழிலுக்கே மூடுவிழா. எல்லாம் சரியான தகவல்தான். கடைசியில், "என் தாத்தா சுவா ஏரிப் பக்கம் யாஷிகா ஆலையில் வேலை பார்த்தவர், இது அவருடையது" என்று ஒரு வரி. அந்த வரியை நம்பித்தான் 18,000 யென் கட்டினேன்.

பார்சல் வந்தது. ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் கதவு, அழகாக 'கிளிக்' என்றது, பேட்டரி விளக்கும் பச்சையாக எரிந்தது. உடனே அவரிடமிருந்து செய்தி: "மதிப்பீடு கொடுத்துவிடுங்கள்." கொடுத்தேன். செயலியில் அதைக் கொடுத்தால்தான் பணம் அவர் கைக்குப் போகும், அதுதான் அவ்வளவு அவசரம்.

ஃபிலிமைக் கழுவி வாங்கினால் உச்சிவெயிலில் எடுத்தது மட்டும் தேறியது. வீட்டுக்குள் எடுத்ததெல்லாம் இருட்டு. பழுது பார்ப்பவர் ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்துக் காதில் வைத்துக் கேட்டார். 'டொக்' என்று ஒரு சத்தம் வரவேண்டுமாம், வரவில்லை. உள்ளே ஒரு குட்டி ரப்பர் துண்டு மக்கிப்போயிருக்கிறது. இந்த வரிசைக்கே உள்ள வியாதி. அது போனால் வெளிச்சக் கணக்கு தாறுமாறாகிவிடும். ஷட்டரோ பேட்டரியே இல்லாவிட்டாலும் 1/500 நொடியில் அடிக்கும். அப்புறம் அந்தக் கிளிக்கை வைத்து என்ன சோதித்தாராம்? சரிசெய்யக் கேட்ட கூலி கேமரா விலையை நெருங்குகிறது.

விற்றவரிடம் கேட்டால், "பேட்டரியைச் சரியாகப் போட்டீர்களா?" பழைய 5.6 வோல்ட் மெர்க்குரி பேட்டரி இப்போது வருவதில்லை, அடாப்டரோடு 6 வோல்ட் போட்டால் ஒழுங்காக ஓடும், அதைத்தான் போட்டிருந்தேன். படம் எடுத்து அனுப்பினேன். "ஐம்பது வருஷப் பொருள், இப்படித்தான் இருக்கும்" என்றார். அதற்கப்புறம் பதிலே இல்லை. செயலிக்காரர்களோ, மதிப்பீடு கொடுத்தாகிவிட்டது, விற்பனை முடிந்தது என்கிறார்கள். மன்னிப்பு மட்டும் வரிக்கு இரண்டு. என் 18,000 யென்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இன்று அதே ஆள் ஒரு மினோல்டா போட்டிருக்கிறார். தாத்தா இப்போது ஒசாகாவில் மினோல்டா ஆலைக்கு மாறிவிட்டார்!

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. லீவரை இழுக்கும் வீடியோவைச் சத்தத்தோடு எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இருட்டில் மஞ்சள் விளக்கும் கடும் வெளிச்சத்தில் சிவப்பு விளக்கும் எரிகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். விற்பவர் எத்தனை முறை நச்சரித்தாலும், ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்கும் வரை மதிப்பீட்டுப் பொத்தானைத் தொடாதீர்கள்.