ஊலாங் தலைக்கேறும்: கடுஞ்சாயத்தில் குடிப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை

தேயிலை மலையில் பிறந்து வளர்ந்தவர்களிடம் போய்த் தேத்தண்ணி தலைக்கேறும் என்றால் சிரிப்பார்கள். விடிய ஒரு சாயத்தண்ணி, பத்து மணிக்கு ஒன்று, கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் ஒன்று, படுக்கப் போகுமுன் இன்னொன்று என்று பழகிய உடம்பை உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கிண்ணம் ஊலாங், அதாவது பாதி மட்டும் புளிக்க வைத்த சீனத் தேயிலை, என்ன செய்துவிடும்? ஆனால் முதல்தரம் கடுஞ்சாயத்தில் ஊலாங் குடித்துவிட்டுக் கை நடுங்கி, நெற்றி வியர்த்து, வயிறு பிரட்ட உட்கார்ந்திருப்பது இந்தப் பழக்கசாலிகள்தான். சீனாவில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: சா ஸுய், அதாவது தேயிலை வெறி. சாராய வெறி போலத் தள்ளாட்டம் இல்லை. புத்தி தெளிவாகவே இருக்கும், உடம்புதான் சொல் கேட்காது.

கணக்கைப் பார்த்தால் புதிர் விடும். உலர்ந்த தேயிலையின் எடையில் கஃபீன் ஏறக்குறைய 2 முதல் 4 வீதம். வீட்டுச் சாயத்தண்ணிக்கு 2 கிராம் தூள் போகிறது. 3 வீதம் என்று வைத்தால் 60 மில்லிகிராம், அதிலும் முழுவதும் இறங்காது. ஊலாங்கைச் சீன முறையில் ஊற்றினால் 100 மில்லிலீற்றர் மூடிக் கிண்ணத்துக்கு 7 கிராம் இலை. அதே இலையில் ஏழெட்டுத் தரம் ஊற்றிக் குடிக்கிறோம். 210 மில்லிகிராமில் பெரும்பகுதி முக்கால் மணித்தியாலத்துக்குள் வயிற்றுக்குள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் சுகதேகியான பெரியவருக்கு ஒரேயடியாக 200, நாள் முழுக்க 400 மில்லிகிராம் வரை பயமில்லை என்றது. நாள் முழுக்கச் சீனியோடும் ரொட்டியோடும் பரந்து இறங்குகிற நாலு கோப்பையும், ஒரே இருப்பில் வெறும் வயிற்றில் இறங்குகிற இதுவும் ஒன்றல்ல.

இன்னொரு பொறியும் இருக்கிறது. கஃபீன் இரத்தத்தில் உச்சத்துக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் ஆகும். மூன்றாவது ஊற்றல் உடம்பில் வேலை காட்டத் தொடங்கும்போது ஏழாவது கையில் இருக்கும். 'ஒன்றும் செய்யவில்லையே' என்று இலையைக் கூட்டிப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மலையகத்தில் இலையைக் கூட்டிப் போட வைக்கிற காரணம் வேறொன்றும் உண்டு: உயரம். பைக்கற்றில் 95 முதல் 100 பாகைத் தண்ணீர் என்று எழுதியிருக்கும். கண்டியில் தண்ணீர் சுமார் 98 பாகையில் கொதிக்கும், ஹற்றனில் 96, 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 94தான். எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. குளிர்ந்து கிடக்கிற பீங்கான் கிண்ணத்தில் ஊற்றினால் இன்னும் பத்துப் பாகைக்கு மேல் போய்விடும். உருண்டையாகச் சுருட்டிய இலை அந்தச் சூட்டில் சட்டென்று விரியாது, சாயம் தண்ணியாக நிற்கும். உடனே 10 கிராம் போடுவார்கள், இல்லையென்றால் மூன்று நிமிடம் ஊற விடுவார்கள். நாலாவது ஊற்றலில் இலை முழுக்க விரிந்ததும் எல்லாம் ஒன்றாக இறங்கும், கசப்பும் கஃபீனும் சேர்த்து.

ஆகவே கூட்ட வேண்டியது சூட்டை, இலையை அல்ல. கிண்ணத்தையும் மூடியையும் கொதிதண்ணீரால் நிரப்பி ஒரு நிமிடம் வைத்துக் கொட்ட வேண்டும். கேத்தில் தளபுளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்போதே, தாழ வைத்து, இலைமேல் நேரே ஊற்ற வேண்டும். உயரத்திலிருந்து ஆற்றி ஊற்றுகிற நம் கைப்பழக்கம் இங்கே உதவாது. முதல் தண்ணீரை 5 செக்கனில் கொட்டிவிடலாம். அது தூசியைக் கழுவும், இலையை எழுப்பும், அவ்வளவுதான். அதோடு கஃபீன் போய்விடும் என்று சொல்வது கதை. பெரும்பகுதி கஃபீன் இறங்கச் சில நிமிடமாவது வேண்டும். பிறகு 20 செக்கன், 15, 20, 25 என்று போய், ஐந்தாவதிலிருந்து பத்துப் பத்தாகக் கூட்டலாம். ஹற்றனுக்குக் கீழே என்றால் ஒவ்வொன்றிலும் 5 செக்கன் குறைக்கலாம்.

அளவுக்குக் கரண்டியை நம்பக்கூடாது. உருட்டிய ஊலாங் ஒரு தேக்கரண்டி 3 கிராம் வரை வரும். வுயி மலை ஊலாங் போல நீளமாக முறுக்கிய இலை அதே கரண்டியில் பாதிகூட வராது. 0.1 கிராம் காட்டுகிற சின்னத் தராசு ஒன்று இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. தண்ணீர் பீலியிலிருந்து வருகிறதென்றால் பெரும்பாலும் மென்தண்ணீர், சாயத்தை முழுக்க இழுக்கும். அதற்கு 5 கிராமே காணும். (யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் மேலே ஆடை கட்டுகிற தேத்தண்ணியைக் குடித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.)

இனி அது செய்கிற வேலை. இரண்டாவது கிண்ணத்தில் பிடரியில் ஒரு சூடு ஏறும், உள்ளங்கை ஈரமாகும். பத்து இருபது நிமிடத்தில் காது கூர்மையாகும். தகரத்தில் விழுகிற தூறல் தனித்தனியாகக் கேட்பது போலிருக்கும். மூடியைத் திருப்பி மோந்தால் ஒவ்வொரு தரமும் வேறு வாசம்: முதலில் வறுத்த தானியம், பிறகு பூ, கடைசியில் நனைந்த மரம். பேச்சு தானாக வரும், ஆனால் பதற்றம் இருக்காது. கோப்பியின் படபடப்பிலிருந்து இதைப் பிரிப்பது தியனீன் என்று சொல்வார்கள். 1949இல் ஜப்பானில் தேயிலையில் கண்டுபிடித்த அமினோ அமிலம் அது. 50 முதல் 200 மில்லிகிராம் வரை கொடுத்துச் செய்த ஆய்வுகளில் மூளையின் ஆல்பா அலை, அதாவது விழித்தபடியே தளர்ந்திருக்கும் நிலையின் அலை, கூடியிருக்கிறது. 7 கிராம் இலையில் ஒரு வீதம் என்று வைத்தாலும் 70 மில்லிகிராம் வரும். ஊலாங்குக்கு மட்டும் உரிய சரக்கல்ல இது, எல்லாத் தேயிலையிலும் உண்டு. நம் சாயத்தண்ணியில் அளவு போதாது என்பதுதான் விஷயம்.

நல்ல கட்டம் அரை மணி, முக்கால் மணி நிற்கும். எல்லை தாண்டியதற்கு முதல் அறிகுறி நடுக்கமல்ல, பசி. வயிற்றில் திடீரென்று ஒரு பள்ளம் விழுந்தது போல இருக்கும். அந்த இடத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். தாண்டிப் போனால் குளிர்வியர்வை, விரல் நடுக்கம், குமட்டல், தலை மிதப்பு. அப்போது இன்னும் தேத்தண்ணி குடித்துச் சரிபண்ணலாம் என்று நினைப்பது மடைத்தனம். ஒரு வாழைப்பழம், ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி, கூடவே ஒரு குவளை வெந்நீர். சாய்ந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் அரை மணியில் அடங்கும். நெஞ்சு தாறுமாறாக அடித்தாலோ வலித்தாலோ ஆஸ்பத்திரிதான். வராமல் தடுக்க இதைவிட இலேசான வழி, குடிக்குமுன் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு முக்கால் மணி விடுவது.

மாதக்கணக்காகக் குடித்தால் என்ன ஆகும்? தினமும் குடிக்கிறவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் அந்தக் காதுக்கூர்மையும் மிதப்பும் மங்கிவிடும். பழக்கம் மட்டும் மிஞ்சும். திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தலையிடி தொடங்கும். ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கலாம். வாரத்தில் இரண்டு நாளோடு நிறுத்திக்கொள்பவர்களுக்குத்தான் பழைய சுவையும் வேலையும் கிடைக்கும். நித்திரை விஷயத்தில் இது ஈவிரக்கம் பார்க்காது. கஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம். பின்னேரம் நாலு மணிக்குக் குடித்தால் ஒன்பது மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். விடிய மலைக்கு ஏற வேண்டியவர் மதியத்துக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

கருத்தடை மாத்திரை பாவிக்கும் பெண்களுக்குக் கஃபீன் பாதியாகக் குறையும் அந்த ஐந்து மணித்தியாலம் பத்தாகலாம். சிப்ரோஃபுளொக்சசின் என்ற கிருமிகொல்லி மருந்து எடுக்கும் நாட்களிலும் கஃபீன் உடம்பைவிட்டுப் போகத் தாமதமாகும். கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 200 மில்லிகிராம்தான் எல்லை, ஆகவே இந்த முறை அவர்களுக்கு வேண்டாம். கிளினிக்கில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையையும் தேத்தண்ணியையும் ஒன்றாக எடுத்தால் மாத்திரையின் பெரும்பகுதி வீண். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணித்தியாலம் விட வேண்டும்.

வாங்கும்போது ஒரு சொல். இங்கே சில சிறிய தொழிற்சாலைகளும் ஊலாங் செய்கின்றன. கறுப்புத் தேயிலைக்கென்று நட்ட செடியிலிருந்து வருவதால் சிலதில் துவர்ப்பு ஓங்கி நிற்கும். குடித்து முடித்த இலையை விரலால் விரித்துப் பார்த்தால் பொய் சொல்லாது: நடுவில் பச்சை, ஓரத்தில் செம்பழுப்பு என்றால் கசக்கிய ஓரம் மட்டும் புளித்திருக்கிறது, வேலை சரி. முழுக்கச் செம்பு நிறம் என்றால் அது பெரும்பாலும் பெயர் மாற்றிய கறுப்புத் தேயிலை. அதே இலையை எறியாமல் 500 மில்லிலீற்றர் குளிர்ந்த தண்ணீரில் ஒரு ராத்திரி மூடி வைத்தால், காலையில் கசப்பில்லாத, பூவாசமுள்ள தண்ணீர் ஒன்று கிடைக்கும். கஃபீன் கொஞ்சம்தான் மிச்சமிருக்கும். பிள்ளைகள் கேட்டால் அதில் அரை டம்ளர் கொடுக்கலாம்.